செம்பில் வெட்டிய பெயர்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே போகிறோம்?" என்பதுதான். வசதி படைத்தோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்கின்றனர். மத்ரஸா ஆசிரியன் ஒருவனின் வருவாய்க்கு அவை எட்டாத உயரங்கள். எட்டக்கூடிய உயரம் ஒன்று எங்கள் ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. அதுதான் செஞ்சி. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். கட்டுச்சோறு கையில் இருந்தால் பேருந்துக் கட்டணத்தைத் தவிரப் பெருஞ்செலவும் இல்லை.

அவ்வாறே சென்ற கோடையில் ஒரு நாள், ஃபஜ்ருத் தொழுகையை முடித்த கையோடு, மனைவியுடனும் பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகளுடனும் ஒன்பது வயது மகனுடனும் புறப்பட்டேன். திண்டிவனத்தில் பேருந்து மாறி மேற்கே சென்றால் சுமார் 28 கிலோமீட்டர். வழிநெடுகப் பனைமரத்தடிகளில் நுங்கு குவித்து வைத்திருந்தனர். செஞ்சியை நெருங்க நெருங்க, யாரோ பாறைமேல் பாறையை எடுத்து அடுக்கி வைத்தது போன்ற குன்றுகள் கண்ணில் படத் தொடங்கின. "அத்தா, இவற்றையெல்லாம் யார் தூக்கி வைத்தார்கள்?" என்று மகன் கேட்டான். தூக்கி வைத்தவன் இறைவன். அதன்மேல் மதில் கட்டியவன் மனிதன் என்றேன்.

கோட்டை பார்க்கத்தான் போனோம். ஆயினும் வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றி மட்டுமன்று. திரும்பும் வழியில், கடைத்தெருவில், பழைய செம்புத் தேக்சா ஒன்றின் விளிம்பில் நாங்கள் வாசித்த ஒரு பெயரைப் பற்றியது. அந்தப் பெயரின் அருமை விளங்க வேண்டுமானால், முதலில் கோட்டைக்குள் சென்று வர வேண்டும்.

மூன்று குன்றுகள்

செஞ்சிக் கோட்டை ஒரு குன்றின்மேல் நிற்கும் கோட்டையன்று. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து வளைத்துச் செல்கிறது மதில். அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இவற்றுள் உயர்ந்தது இராசகிரி. சுமார் 800 அடி. ஆங்கிலேயர் இதனைக் 'கிழக்கின் டிராய்' என்று வியந்து அழைத்தனர்.

இந்த மதிலுக்குள் வந்து போனவர்களின் பட்டியல் நீளமானது. கோன் மரபினர், விஜயநகரத்தார், நாயக்கர் ஆகியோருக்குப் பின் 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை இதனைக் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி வந்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்திருந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. நுஸ்ரத்கட் என்று அதற்குப் புதுப்பெயரும் சூட்டினார். பெயர் நிலைக்கவில்லை, செஞ்சி செஞ்சியாகவே இருக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் 1780-இல் ஹைதர் அலியின் படையினரும் வந்தனர். எல்லோரும் போயினர். 1921-இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில், மராட்டியரின் போர்க்களக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டபோது, மகாராஷ்டிரத்திற்கு வெளியே இருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

வெயில் ஏறுமுன் இராசகிரியில் ஏறத் தொடங்கினோம். குரங்குகளிடமிருந்து உணவு மூட்டையைக் காப்பதே பெரும்பாடாயிற்று. உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் மரப்பாலம். பகைவர் வந்தால் பாலத்தை அகற்றிவிடலாம். பிறகு மேலே இருப்பவரைப் பசி ஒன்றுதான் வெல்ல முடியும். அந்தப் பசிக்கும் வழி செய்தே வைத்திருந்தனர். கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியங்களின் வளைகூரையின் கீழ் நின்றபோது, பிள்ளைகள் இருவரும் தம் குரல் எதிரொலிப்பதைக் கேட்டு மகிழ்ந்தனர். நான் நினைத்துக்கொண்டேன்: வாளெடுத்த மன்னர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். இந்தக் களஞ்சியத்தை நிரப்பிய உழவர் ஒருவரின் பெயரையேனும் அறிவோமா?

கீழே எட்டு அடுக்குகளாய்ச் சதுர வடிவில் எழுந்து நிற்கும் கல்யாண மகாலையும், மேல் அடுக்குகளுக்கும் மண்குழாய் வழியே நீரேற்றிய அக்காலத் திறனையும் கண்டு வெளியே வரும்போது, மகனின் சட்டைப்பை புடைத்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று.

"இது ஒன்றுதானே, அத்தா? இங்கே இவ்வளவு கிடக்கின்றனவே!"

ஆளுக்கு ஒன்றாக எடுத்தால் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் அழகிய கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை என்பர். சிறியவன் சில்லை எடுக்கிறான். பெரியவன் தூணையே எடுக்கிறான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் எடுத்துச் செல்லப்பட்ட அவருடைய மரப்புலி, இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. "நீ எடுத்தது சிறிது என்பதால் அது உன்னுடையதாகிவிடாது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான். அவனுக்கு நீதி சொல்லிவிட்ட நிறைவுடன் நான் நடந்தேன். அந்த நிறைவு அன்று மாலை வரைகூட நீடிக்கவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நண்பனும் நவாபும்

கீழ்க்கோட்டையில் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபாக இருந்த அவர் அதனை 1717-18-இல் கட்டினார் என்பதைப் பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. மகள் கல்லில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயன்றாள். மத்ரஸாவில் கற்ற அரபு எழுத்து, பாரசீக மொழியை உச்சரிக்க உதவியது. பொருள் கொள்ள உதவவில்லை. எனினும் பெயரை மட்டும் கண்டுகொண்டு, "இதோ!" என்று விரலால் காட்டினாள்.

"தேசிங்கு ராஜாவைத் தோற்கடித்தவர் இவர்தானே?"

ஆம், இவர்தான். செஞ்சியை ஆண்ட சொரூப்சிங் 1714-இல் இறந்ததும், அவருடைய இளவயது மகன் தேஜ்சிங் ஆட்சிக்கு வந்தான். தமிழ் மக்கள் நாவில் அவன் தேசிங்கு ஆனான். நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். 1714 அக்டோபர் 3-ஆம் நாள், பெரும்படைக்கு எதிரே சிறு படையுடன் நின்று போரிட்டு மடிந்தான். அவனோடு மடிந்தவர்களுள் ஒருவர் அவனுடைய உயிர்த்தோழர் மகபத்கான்.

நாட்டுப்புறக் கதைப்பாடல் இந்த மகபத்கானைப் பற்றிச் சொல்வது, நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. அவருக்குத் திருமணம் நடக்கவிருந்த வேளையில் நண்பனின் அழைப்பு வருகிறது. மணக்கோலத்தை விட்டுவிட்டுக் குதிரையேறிப் போர்க்களம் செல்கிறார், திரும்பவில்லை. எதிரே நின்ற நவாபும் கலிமாச் சொன்னவர்தாம். ஆயினும் உண்ட உப்புக்கும் கொடுத்த சொல்லுக்கும் உண்மையாக இருப்பது மகபத்கானுக்குக் கடமையாகப் பட்டது. தமிழ்ப் பாணர்களும் அவருடைய மதத்தைப் பாராமல் நட்பைப் பார்த்தே பாடினர். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதைக் கேட்டு நெகிழ்ந்த நவாப், அவள் நினைவாக ஓர் ஊர் அமைத்தார் என்றும், அதுவே இராணிப்பேட்டை என்றும் மரபுவழிச் செய்தி உண்டு.

"அப்படியானால் நாம் யார் பக்கம், அத்தா?" என்று மகன் கேட்டான்.

"கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவன் பக்கம்" என்றாள் அவன் அக்காள், நான் வாய் திறக்குமுன்பே.

ஒன்றை அப்போது கவனித்தேன். நவாபின் பெயர் கல்லில் இருக்கிறது. அக்கல்லைச் சட்டம் காக்கிறது. மகபத்கானின் பெயரோ பாட்டில் இருந்தது. அதனை மக்களின் நாக்குக் காத்தது. இவ்விரண்டு காவலும் இல்லாத பெயர்கள் என்ன ஆகின்றன?

கடைத்தெருவில்

கோட்டை, ஊருக்கு மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது. நண்பகலுக்குப் பின் ஊருக்குள் திரும்பி, பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். கொண்டு வந்த புளிச்சோற்றை உண்டோம். பேருந்துக்கு நேரம் இருந்ததால் கடைத்தெருவில் நடந்தோம்.

பழம்பொருள் வாங்குவோர் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவைத் தேடிச் செல்வது பலரும் அறிந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, கண்ணாடி, பீங்கான் சாடி என்று அங்கே எல்லாம் கிடைக்கும். செஞ்சியில் நான் கண்டது அத்தகைய கடையன்று. சந்து ஒன்றின் முனையில், பழைய பித்தளையும் செம்பும் எடைக்கு வாங்கும் எளிய கடை. வாசலில் தராசு. உள்ளே, கைப்பிடி கழன்ற தூக்குச் சட்டிகள், வெண்கல உருளி, மரக்கால், படிக்கம், வெற்றிலைப் பெட்டி, சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம். இவற்றுக்கு நடுவே பன்னீர்ச் செம்பு ஒன்றைக் கண்டதும் என் மனைவி நின்றுவிட்டாள். "என் அம்மா வீட்டில் இதேபோல் ஒன்று இருந்தது" என்றாள். இருந்தது என்னும் சொல்லுக்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

மூலையில் செம்புத் தேக்சா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கல்யாண விருந்துகளில் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரம். மகன் அதன் முதுகில் தாளம் தட்டினான். அவனைத் தடுக்கச் சென்ற மகள், குனிந்தபடியே, "அத்தா, இங்கே வாருங்கள்" என்று அழைத்தாள்.

விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்துகள். பாத்திரக் கடைகளில் 'பேர் வெட்டுதல்' என்பார்களே, அந்த வேலை. ஒரு பெண்மணியின் பெயர். அடுத்து ஓர் ஊரின் பெயர். பின்னர், 'பள்ளிவாசலுக்கு வக்பு' என்னும் சொற்கள். இறுதியில் ஒரு ஹிஜ்ரி ஆண்டு. கணக்கிட்டுப் பார்த்தேன். சற்றேறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முந்தியது. அந்தப் பெண்மணியின் பெயரையோ ஊரையோ இங்கே நான் எழுதவில்லை. அந்த ஊரார் இதனை வாசிக்கக்கூடும். எவரையும் நாணச் செய்வது என் நோக்கமன்று.

கடைக்காரர் முதியவர், நெற்றியில் திருநீறு. "என்ன பாய், பார்க்கிறீர்கள்?" என்றார்.

"ஐயா, இது ஒரு பள்ளிவாசலுக்குத் தானமாக எழுதி வைத்த பாத்திரம்" என்றேன்.

அவர் திகைத்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "வக்பு என்றால் அதுதானா? ஏதோ ஊர்ப் பெயராக்கும் என்று நினைத்துவிட்டேன். கோயில் பேர் வெட்டிய விளக்கோ மணியோ வந்தால் நான் கையால்கூடத் தொடமாட்டேன், பாய். இது திருட்டுப் பொருளும் இல்லை. ஊர்ப் பெரியவர்களே வண்டியில் கொண்டு வந்து எடை போட்டார்கள். நான்கைந்து பாத்திரங்கள் வந்தன. மற்றவை உருக்கப் போய்விட்டன. இது ஒன்றுதான் பாக்கி."

ஏன் விற்றார்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும். செம்புப் பாத்திரத்திற்கு உட்புறம் ஈயம் பூச வேண்டும். பூசாமல் புளிப்புப் பொருளைச் சமைத்தால் களிம்பு ஏறி உணவு நஞ்சாகும். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேய்த்து, உருகும் ஈயத்தைக் கண்ணாடி போல் பரப்புகின்ற அந்தத் தொழிலாளர் முன்பு தெருத்தெருவாக வந்தனர். இன்று அவர்களைக் காண்பது அரிது. அலுமினியமும் எவர்சில்வரும் வந்தன. தூக்க எளிது, விலையும் குறைவு. ஆகவே பள்ளிவாசல்களின் பழைய செம்புத் தேக்சாக்கள் பின்கட்டுக்குச் சென்றன. பின்கட்டிலிருந்து பழைய பாத்திரக் கடைக்குச் சென்றன.

"என்ன விலை?" என்றேன். தராசில் ஏற்றினார். பதினான்கு கிலோவுக்குச் சற்று மேல். செம்பு விற்கும் விலையில், என் ஒரு மாத ஊதியத்தில் பெரும்பகுதி அது. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பதினைந்து நாள் வைத்திருக்க முடியுமா, ஐயா? அந்த ஊர் ஜமாஅத்துக்கு எழுதிப் பார்க்கிறேன்."

"வைத்திருக்கிறேன். முன்பணமெல்லாம் வேண்டாம், பாய். இந்தக் கடைக்கு வருவது எல்லாமே, யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதுதான். வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பது அபூர்வம்."

மகள் தன் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தின் தாள் ஒன்றைக் கிழித்தாள். விளிம்பின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தாள். எழுத்துகள் கறுப்பில் வெள்ளையாக எழுந்து வந்தன. கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. கல்லூரியில் வரலாறு படித்த நாளில் நான் ஏட்டில் படித்ததை, அவள் யாரும் சொல்லாமலே செய்தாள்.

கேட்காத கேள்வி

திரும்பும் பேருந்தில், அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நம் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் எதுவும் இல்லையா, அத்தா?"

அன்பர்களே, காலையில் ஓட்டுச் சில்லுக்காக மகனுக்கு உபதேசம் செய்த அதே வாயால் நான் விடை சொல்ல வேண்டியிருந்தது.

இருந்தது. என் தாயாரின் தாயாரை நாங்கள் நன்னி என்று அழைப்போம். அவர் மணமாகி வந்தபோது சீராகக் கொண்டு வந்த செம்புத் தவலையும் இரண்டு தேக்சாக்களும் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. ஆண்டுகள் சில முன்பு, பீரோ வாங்கப் பணம் சிறிது குறைந்தது. பரணை அடைத்துக்கொண்டு கிடப்பவைதாமே என்று அவற்றை விற்றுவிட்டேன். வறுமையால் விற்றேனாயின் சொல்லிக்கொள்ளலாம். நோய்க்காக விற்றேனாயினும் மன்னிப்பு உண்டு. பீரோவுக்காக விற்றேன். என் தாயார் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தவலை வாசலைத் தாண்டும்போது ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவே. அதன் விளிம்பில் பெயர் இருந்ததா என்று நான் குனிந்தும் பார்க்கவில்லை.

அன்றிரவு தாயாரிடம் கேட்டேன். "இருந்தது" என்றார். "என் அத்தா, மகள் பெயரை வெட்டித்தான் சீர் கொடுப்பேன் என்று பாத்திரக் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தாராம். நன்னிக்கு எழுதத் தெரியாது. தன் பெயர் எப்படி இருக்கும் என்பதை அந்தத் தவலையில்தான் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம்." சொல்லிவிட்டு, "உங்கள் அத்தா" என்று திருத்திக்கொண்டு, "இல்லை, நன்னியுடைய அத்தா" என்று மறுபடியும் திருத்தினார். வயதில் தலைமுறைகள் கலந்துபோகின்றன. தவலை மட்டும் அவர் நினைவில் கலங்காமல் இருந்தது.

என்னிடம் ஒரு சொல் அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேட்கவில்லையே" என்றார்.

மாறும் பாத்திரம், மாறாத பெயர்

மறுநாளே அந்த ஊர் ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதினேன். மகள் எடுத்த தாளின் நகலையும் இணைத்தேன். குற்றம் சாட்டி எழுதவில்லை. நானே குற்றவாளியாக இருந்தபடியால் அது எளிதாயிற்று.

வக்பு என்பது என்ன என்பதை நம் இல்லங்களில் அனைவரும் அறிவர். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, அதனை அறவழிக்கு ஒதுக்கினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகவும் பங்கிடப்படாது என்பது ஏற்பாடு. பயன்பட முடியாத நிலையை அடைந்த வக்புப் பொருளை மாற்றிக்கொள்ளலாமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மாற்றலாம் என்போரும், விற்ற தொகையில் வாங்கும் புதிய பொருள் பழையதன் இடத்தில் வக்பாகவே நிற்க வேண்டும் என்கின்றனர். அப்படியானால், பாத்திரம் மாறலாம்; கொடுத்தவரின் அறம் மாறலாகாது. அதைத்தான் எழுதினேன். புதிய பாத்திரங்களில் அந்த அம்மையாரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

பத்து நாட்கள் விடை இல்லை. பிறகு அந்த ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், நாங்கள் எவரும் விளிம்பைப் பார்க்கவே இல்லை. பழைய பாத்திரங்களை விற்றுப் புதியவை வாங்கியதற்கு வரவுசெலவுக் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. வயதானவர்களிடம் விசாரித்தேன். பிள்ளை இல்லாதவராம், மாவு இடித்துக் கொடுத்துச் சேர்த்த காசில் வாங்கி வைத்தாராம்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அந்தத் தேக்சாவை மீட்கலாம் என்றிருக்கிறோம்" என்றார்.

நாங்கள் இருவரும் சொன்ன தவணைக்குள் செஞ்சிக்குச் சென்றுவிடவில்லை. அவர்கள் பணம் திரட்டி, ஆளனுப்பியபோது பதினைந்து நாள் இருபத்து மூன்று நாளாகிவிட்டது. கடைக்காரர் தவணைக்கு மேலும் மூன்று நாள் காத்திருந்தாராம். பிறகு உருக்குமிடத்திற்குச் செல்லும் வண்டி வந்தது, ஏற்றிவிட்டார். அவரை நான் குறை கூறமாட்டேன். சொன்ன சொல்லுக்கு மேலேயே அவர் நின்றார். தவறியவர்கள் நாங்கள்.

எஞ்சியது மகளின் தாள் மட்டுமே. அதனைக் கேட்டு வாங்கிச் சென்றனர். அதைப் பார்த்துப் பார்த்து, இப்போதுள்ள பெரிய எவர்சில்வர் தேக்சா ஒன்றின் விளிம்பில் அந்தப் பெயரை வெட்டச் செய்துள்ளனர். மின்பொறியால் வெட்டிய எழுத்து; பழைய உளியின் அழகு அதில் இல்லை என்று அப்பெரியவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த ஊரில் இனி விருந்து ஆக்கும்போதெல்லாம், சோறு அள்ளும் கை அந்தப் பெயரைக் கடந்துதான் போகும்.

வாசிப்பது நம் பொறுப்பு

பழம்பொருள்களைக் காக்க இந்தியாவில் சட்டம் இருக்கிறது. தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு முதலானவை அதன்படி தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றுள் ஏதேனும் மதிப்புடைய கையெழுத்துச் சுவடியானால் 75 ஆண்டே போதும். உரிமம் இன்றித் தொல்பொருள் வாணிகம் செய்யலாகாது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. எண்பது ஆண்டுச் செம்புத் தேக்சா இந்தச் சட்டத்தின் வாசலுக்குச் சற்று வெளியே நிற்கிறது. சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரிலுள்ள சட்டிபானை அனைத்துக்கும் அரசாங்கம் காவல் நிற்க இயலாது. அரசனின் கல்வெட்டை அரசு காக்கும். நன்னியின் தவலையைப் பேரன்தான் காக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பரணில் குவித்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிறு வீடுகளில் வாழ்கிறோம். இடம் இல்லை, சில வேளை பணமும் இல்லை. விற்க வேண்டி வந்தால் விற்கலாம். அதற்குமுன் மூன்று காரியங்கள் செய்யலாமே.

முதலாவது, வாசியுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, விளிம்பையும் அடியையும் புளிபோட்டுத் துலக்கிப் பாருங்கள். பெயர் இருந்தால் தாளில் படியெடுங்கள். இக்காலத்தில் கைபேசியிலேயே படமும் எடுக்கலாம்.

இரண்டாவது, கேளுங்கள். வீட்டு முதியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். இது யாருடையது, எப்போது வந்தது என்று நாம் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கும் காலமும் நெடுநாள் வாய்க்காது.

மூன்றாவது, கையெழுத்து ஏடுகளை மட்டும் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் பாட்டிமார் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் தெரிந்திருந்தது. அரபு எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியும் குறியும் கூட்டிய சில எழுத்துகளையும் சேர்த்து அவர்கள் தமிழையே எழுதினர். அந்த ஏடுகளை இன்று வாசிக்கத் தெரிந்தோர் குறைவு. உங்களுக்குப் புரியவில்லை என்பதால் அது குப்பையன்று. அருகிலுள்ள ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். அல்லது சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் கேளுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலின் பழைய பாத்திரங்களை மாற்றும் தீர்மானம் எழுதும்போது, அவற்றில் இருந்த பெயர்களையும் அதே ஏட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். புதியதில் அப்பெயரை வெட்டச் சிறு செலவே ஆகும்.

எங்கள் வீட்டுப் பீரோ இப்போது கதவு சரியாக மூடுவதில்லை. அதனுள்ளே, துணிகளுக்கு மேல், மகள் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். என் தாயார் சொல்லச் சொல்ல அவள் எழுதிய நன்னியின் பெயர் அது. தவலையில் இருந்த எழுத்து எப்படி இருந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. பெயராவது எஞ்சட்டும் என்று ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் சட்டை எடுக்கும்போது அதனை வாசிக்கிறேன்.